ரிட்டையர் ஆகும் வருடம் செங்கல் வாங்காதீர்கள்

மதுரைக்குப் பக்கத்து மேலூரில் ஒருவர் ரிட்டையர் ஆகப்போகிற சேதி அவருடைய ஆபீசுக்கு உறைப்பதற்கு முன்பே கொத்தனாருக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூட வாத்தியாரோ, மின்வாரிய ஊழியரோ, போக்குவரத்துக் கழகக் கண்டக்டரோ, வங்கி எழுத்தரோ, வழக்கம் ஒன்றுதான். பணப்பலன் வரப்போகிறது, மாடி எடுத்துவிடலாம். கீழே நாம், மேலே வாடகை. மாசாமாசம் வருகிற வாடகை ஒரு பென்ஷன் மாதிரி. பிள்ளைக்கும் ஒரு சொத்து ஆச்சு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேப்பரும் பேனாவும் எடுத்தால்தான் இடிக்கிறது.

மாடிக்கு 30 லட்சம் செலவாகிறது, வாடகை 8,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 96,000. போட்ட முதலுக்கு 3.2 சதவீதம். அதே 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவதாகக் கணக்கிடுங்கள். அஞ்சலகத்திலும் வங்கியிலும் இருக்கிற திட்டம்தான். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. அந்த வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500.

“வாடகை ஏறுமே, வட்டி ஏறாதே” என்று உடனே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. வாடகை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்தாலும் 8,000 ரூபாய் வாடகை 20,500-ஐத் தாண்ட 20 வருடம் ஆகும். அரசு வட்டியைக் குறைத்து, ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது 7 சதவீதம்தான் கிடைக்கிறது என்றாலும், வாடகை அதை எட்டிப் பிடிக்கச் சுமார் 16 வருடம் வேண்டும். 60 வயதில் கட்டியவருக்கு அப்போது 76. நடுவில் வெள்ளையடிப்பு, மோட்டார் காயில், தண்ணீர்த் தொட்டி ஒழுகல், ஆள் கிடைக்காமல் பூட்டிக்கிடந்த மாதங்கள் எதையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வட்டிக்கு வருமான வரி உண்டுதான். வாடகைக்கும் உண்டு.

இடத்தின் மதிப்பு ஏறாதா? ஏறலாம். அந்த ஏற்றத்தை அனுபவிக்கப்போவது யார் என்பதுதான் விஷயம். மதிப்பு ஏறிய மாடியில் ஒரு அறையை மட்டும் பிய்த்து விற்று மாத்திரை வாங்க முடியாது.

திட்டத்தின் விவரம் இரண்டு வரியில்: ஒருவர் பெயரில் அதிகபட்சம் 30 லட்சம், கணவன் மனைவி இருவருக்கும் தகுதி இருந்தால் தனித்தனியாகப் போடலாம். 60 வயது ஆகியிருக்க வேண்டும். 55க்கு மேல் ஓய்வு பெற்றவர்கள் பணப்பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் 60 வரை காத்திருக்க வேண்டியதில்லை. சேர்ந்த அன்றைய வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது.

ஆகவே முதல் விதி: ஓய்வுக்கு முந்தைய இரண்டு வருடமும் பிந்தைய ஒரு வருடமும் புதிதாக எதையும் கட்டாதீர்கள். ஒழுகுகிற தளத்தைச் சரிசெய்யுங்கள், கழிவறையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவாருங்கள், வழுக்காத டைல்ஸ் போடுங்கள். அது பராமரிப்பு. பில்லர் எழுப்புவது வேறு.

வராத பணத்தை நம்பிக் கட்டுவது அதைவிட மோசம். பணப்பலன் ஓய்வு பெற்ற மறுநாளே கைக்கு வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. போக்குவரத்துக் கழகங்களில் ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பணிக்கொடைக்காகவும் வைப்பு நிதிக்காகவும் மாதக்கணக்கில் காத்திருந்ததும், அதற்காகத் தெருவில் உட்கார்ந்து போராடியதும் தமிழ்நாடு பார்த்த செய்திதான். பணம் வரும் என்று ‘ரெண்டு வட்டி’க்கு வாங்கிக் காங்கிரீட் போட்டவருக்கு, வருடத்துக்கு 24 சதவீதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக் கடன் மிச்சம் இருந்தால்

ஐம்பது வயதுக்குமேல் வீட்டுக் கடன் வாங்கியவர்களின் மாதத் தவணை ஓய்வுக்குப் பிறகும் நாலைந்து வருடம் ஓடும். இதை முடித்துவிட்டு வெளியே வாருங்கள் என்பதே என் யோசனை. கடனுக்கு நீங்கள் கொடுக்கும் வட்டி வைப்புத்தொகைக்கு உங்களுக்கு வரும் வட்டியைவிடப் பெரும்பாலும் அதிகம். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வருமான வரி முறையில் மட்டும்தான். புதிய முறைக்கு மாறியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்று 2012லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும்: கடைசி ரூபாய் வரை வழித்துக் கட்டாதீர்கள். ஒரு வருடக் குடும்பச் செலவும் ஒரு ஆஸ்பத்திரிச் செலவும் கையில் இருக்கட்டும்.

கடன் முடிந்தபிறகு பலர் கோட்டை விடுவது பத்திரத்தில். கடன் முழுக்க அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியின் பக்கம் என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கைக்கு வந்தால் போதாது. கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர ஒப்படைப்பைப் பதிந்திருப்பார்கள், அதற்கு ரசீது ஆவணமும் பதிவாக வேண்டும். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து வில்லங்கச் சான்று போடும்போது அடைத்த கடன் அடைக்காத கடனாகவே தெரியும். அதற்குள் வங்கிக் கிளை இன்னொன்றோடு இணைந்து, மேனேஜர் வடக்கே மாறுதலாகி, கோப்பு எங்கே என்று நீங்கள் அலைந்துகொண்டிருப்பீர்கள்.

இன்னொரு கடன் உங்கள் பெயரில் இல்லாமலேயே உங்கள் வீட்டின்மேல் ஏறும். “அப்பா, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, நான் கட்டிக்கிறேன்.” மகனின் தொழிலுக்கு உங்கள் வீடு அடமானம். கடன் வாராக்கடனாகிவிட்டால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிவில் கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, குடியிருக்கும் வீட்டுக்குப் பொருந்தும். மகனுக்கு உதவ வேண்டும் என்றால் உங்களால் இழக்க முடிகிற ஒரு தொகையை ரொக்கமாகக் கொடுங்கள். கூரையை ஈடாகக் கொடுக்காதீர்கள்.

ஒத்தி: நம்மூர் அடமானம்

மதுரைப் பக்கம் வீட்டை வைத்துப் பணம் புரட்ட வங்கிக்குப் போக வேண்டியதே இல்லை. ஒத்தி இருக்கிறது. வீட்டுக்காரர் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வார். குடிவருபவர் வாடகை தர வேண்டாம். இரண்டு மூன்று வருடம் கழித்துத் தொகையைத் திருப்பிக் கொடுத்தால் வீடு கைக்கு வரும். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வரைக்கும் ‘வீடு ஒத்திக்கு’ என்று எழுதித் தொங்கும் அட்டைகளில் பாதிக்குப் பின்னால் ஒரு கல்யாணமோ ஒரு காலேஜ் ஃபீஸோ ஒரு அவசரமோ இருக்கும் என்பது என் ஊகம்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இது பிடித்த வழி. பேங்க் மேனேஜரிடம் நிற்க வேண்டாம், மகனிடம் கேட்க வேண்டாம், மரியாதை குறையாது. ஆனால் இதுவும் வட்டிக்கு வாங்குகிற கடன்தான், வட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. 6,000 ரூபாய் வாடகை போகும் வீட்டை 5 லட்சம் ஒத்திக்கு விடுகிறீர்கள் என்றால் வருடத்துக்கு 72,000 ரூபாய் வாடகையை விடுகிறீர்கள். 5 லட்சத்துக்கு 72,000 என்பது 14.4 சதவீதம். அந்த 5 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருவது 35,000. வருடத்துக்கு 37,000 நஷ்டம்.

அப்படியானால் ஒத்தியே கூடாதா? ‘மூணு வட்டி’க்கு, அதாவது வருடத்துக்கு 36 சதவீதத்துக்கு, வாங்கிய கடன் கழுத்தைப் பிடிக்கிறது என்றால் ஒத்திப் பணத்தை வாங்கி அதை அடைத்துவிடுங்கள், லாபம்தான். நகைக் கடன் ஒத்தியைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைக்கிறது என்றால் நகையை வையுங்கள், வீட்டை வாடகைக்கு விடுங்கள். பீரோவில் தூங்கும் நகையைவிட மாசாமாசம் வரும் வாடகை வயதான காலத்தில் உதவும். வீட்டம்மா ஒத்துக்கொள்வார்களா என்பது நான் தீர்க்க முடியாத பிரச்சினை.

உண்மையான ஆபத்து தொகையைத் திருப்புவதில் இருக்கிறது. ஒத்திப் பணம் செலவழிந்துவிட்டது. குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்கிறார். அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கித்தான் இவருக்குக் கொடுக்க முடியும். 62 வயதில் வாங்கியதை 75 வயதிலும் இப்படி உருட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு மாடி சொந்தமாகத்தான் இருக்கிறது, அதில் இருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஒத்திக்கு விடுவதென்றால் அந்தத் தொகை முழுவதும் ஒத்திக் காலத்துக்குச் சமமான வைப்புத்தொகையில் இருக்க வேண்டும். இருக்காது என்றால் வாடகைக்கே விடுங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இரண்டு சாட்சி போட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வீட்டை அனுபவத்துக்கு விட்டுப் பணம் வாங்குவது சட்டத்தின் பார்வையில் அடமானம், பதிவு செய்யவேண்டியது.

ஒத்திக்குக் குடிபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் வீட்டை விற்றுவிட்டு மதுரையில் ஒத்திக்கு இருக்கலாம், வாடகைச் செலவு மிச்சம் என்று ஓய்வு பெற்றவர்கள் யோசிக்கிறார்கள். அந்த வீட்டின்மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால், ஏலம் எடுப்பவருக்கு உங்கள் ஒத்தி ஒரு பொருட்டே இல்லை. முப்பது வருட வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒத்திப் பணம் கொடுக்காதீர்கள்.

வீடு சம்பளம் தருமா?

ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்ற பெயரை வங்கிச் சுவரிலோ பத்திரிகையிலோ பார்த்திருப்பீர்கள். 2007-08 மத்திய பட்ஜெட்டில் ப.சிதம்பரம் அறிவித்த திட்டம். அதே வருடம் மே மாதத்தில் தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறைகளை வெளியிட்டது. 60 வயது தாண்டியவர் தன் வீட்டை வங்கியில் வைப்பார், துணைவருக்கு 55 ஆகியிருந்தால் சேர்ந்தும் வைக்கலாம். வங்கி மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும். இருவரில் ஒருவராவது உயிரோடு அந்த வீட்டில் இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டாம். அதற்குப் பிறகு வாரிசுகள் கடனை அடைத்து மீட்கலாம், இல்லையென்றால் வங்கி விற்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும். வீட்டை விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை என்றாலும் வங்கி வாரிசுகளின் மற்ற சொத்தில் கை வைக்கக்கூடாது. கிடைக்கும் தொகைக்கு வருமான வரியும் இல்லை.

இவ்வளவு நல்ல திட்டம் ஏன் ஓடவில்லை? பிள்ளைகளின் முகம் ஒரு காரணம். தொகை அதைவிடப் பெரிய காரணம். 30 லட்சம் மதிப்புள்ள வீடு, அதில் 80 சதவீதம் கடன், 10 சதவீத வட்டி, 15 வருடம் என்று கணக்குப் போட்டால் கைக்கு வருவது மாதம் 5,790 ரூபாய். 15 வருடத்தில் நீங்கள் வாங்கியது 10 லட்சத்து 42 ஆயிரம், பாக்கி நிற்பது 24 லட்சம். 20 வருடத்துக்கு என்றால் மாதம் 3,160தான். மேலூர் வீட்டு மதிப்புக்கு இந்தக் கணக்கு சிறுத்துத்தான் வரும்.

அடுத்த தடை பட்டா. வீடு நீங்களாகச் சம்பாதித்ததாக இருக்க வேண்டும், பூர்வீகச் சொத்து என்றால் இந்தத் திட்டத்தில் சேராது. அப்பா காலத்து நத்தத்தில் நீங்கள் உங்கள் சம்பளத்தில் கட்டிய வீடு எந்தக் கணக்கில் சேரும் என்று வங்கி வக்கீல் கேட்கும்போதே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். சிங்கப்பூரில் இதற்கு வேறு வழி பிடித்தார்கள். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகள் 99 வருடக் குத்தகையில் இருப்பவை. 2009லிருந்து, வயதானவர்கள் தங்களுக்குத் தேவையான வருடங்களை வைத்துக்கொண்டு மீதிக் குத்தகையைக் கழகத்திடமே திருப்பி விற்கலாம். அந்தப் பணம் அவர்களுடைய ஓய்வூதியக் கணக்கில் சேரும். விற்பவரும் வாங்குபவரும் யார் என்பதில் சந்தேகமே இல்லாத இடத்தில் அது எளிது. நம்மிடம் கூட்டுப் பட்டாவில் ஏழு பெயர் இருக்கிறது.

என் அபிப்பிராயம்: பிள்ளை இல்லாதவர்களும், பிள்ளைகள் வெளிநாட்டில் நிலைத்து ஊர் வீடு வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லக் கேட்டவர்களும் மட்டும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் விசாரிக்கலாம். மற்றவர்களுக்கு, சும்மா கிடக்கும் மனை ஒன்றை விற்பது அதைவிட நல்லது.

விற்பதென்றால்

மேலூர்க்காரர்களிடம் பெரும்பாலும் ஏதோ ஒரு துண்டு நிலம் இருக்கும். பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனத்தில் மேலூர்ப் பகுதிக்கு மட்டும் 85,000 ஏக்கருக்கு மேல். தண்ணீர் வந்த வருடம் நெல், வராத வருடம் வானம். சம்பளம் வரும்வரை அது பெருமை, சம்பளம் நின்றபின் அதற்கும் சேர்த்துச் செலவு. விற்கலாமா என்று யோசித்தால் முதலில் பார்க்க வேண்டியது வரைபடம். கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. எது கிராமப்புறம்? மக்கள்தொகை 10,000 முதல் 1 லட்சம் வரை உள்ள நகராட்சி என்றால் எல்லையிலிருந்து 2 கி.மீ. தாண்ட வேண்டும், 10 லட்சத்துக்கு மேல் என்றால் 8 கி.மீ. தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்கள், பஸ் போகும் பாதையில் அல்ல. மேலூர் நகராட்சி முதல் வகை, மதுரை மாநகராட்சி கடைசி வகை. ஆக ஒத்தக்கடைப் பக்கத்து வயலுக்கும் கொட்டாம்பட்டிப் பக்கத்து வயலுக்கும் வரியில் பெரிய வித்தியாசம் வரலாம்.

வீட்டுக்கோ மனைக்கோ வேறு கணக்கு. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்தை விற்கும்போது, பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம், இரண்டில் குறைந்த வரியைக் கட்டலாம். 2005-06ல் 6 லட்சத்துக்கு வாங்கியதை 2025-26ல் 40 லட்சத்துக்கு விற்றால் முதல் வழியில் 4 லட்சத்து 25 ஆயிரம், இரண்டாவதில் சுமார் 4 லட்சத்து 14 ஆயிரம். கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும் உங்கள் வருடத்துக்கும் விலைக்கும் மாறும், ஆடிட்டரிடம் இரண்டையும் போடச் சொல்லுங்கள். வீட்டை விற்று இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால், ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. இந்த விலக்குக்காகவே வேண்டாத வீட்டை வாங்குகிறவர்கள் நாலு லட்சம் வரியை மிச்சப்படுத்த நாற்பது லட்சத்தை மறுபடி சுவரில் பூசுகிறார்கள்.

கறுப்பில் வாங்காதீர்கள். “பத்திரத்தில் பாதி, கையில் பாதி” என்பது வாங்குபவருக்கு லாபம், ஓய்வு பெற்றவருக்குத் தொல்லை. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்கினாலே அதே அளவு அபராதம் வரலாம். அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு: பையில் வந்த 15 லட்சத்தை அஞ்சலகக் கணக்கில் போட முடியாது. போட முடியாத பணம் மாதச் செலவுக்கு வட்டி தராது. கடைசியில் அது யாருக்காவது கைமாற்றாகப் போகும்.

நெடுஞ்சாலை ஓரம் வாங்கிப் போட்ட பிளாட் அங்கீகாரம் இல்லாததா என்றும் பாருங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் மனையாகப் பதிவானதை மறுபடி விற்கப் பதிவு செய்யலாம், வாங்குபவர் வீடு கட்ட அனுமதி கேட்கும்போது வரன்முறை உத்தரவு வேண்டும். வேலையில் இருக்கும்போதே அந்த உத்தரவை வாங்கிவிட்டால் விலை பேசும்போது கை ஓங்கும்.

எல்லாச் சொத்தும் ஒரே ஊர் மண்ணில் இருப்பதன் அபாயத்தை மேலூரைவிட நன்றாக அறிந்த ஊர் குறைவு. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. அரிட்டாபட்டி, வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி என்று இருபது சதுர கிலோமீட்டர். 2025 ஜனவரி 23ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்யும்வரை, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே போய் மக்கள் நின்ற அந்த இரண்டரை மாதமும், அங்கே வீடும் நிலமும் தவிர வேறு சேமிப்பு இல்லாதவர் எதை நம்பி இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் ஜெயித்தது. ஆனாலும் ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதி எந்தச் சுரங்கமும் தொட முடியாத ஒரு பாஸ்புக்கில் இருக்கட்டும்.

எழுதிக் கொடுக்கும் அவசரம்

ஓய்வு விழா மாலை வாடுவதற்குள் வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும். “அப்புறம் பிரச்சினை வரக்கூடாது, இப்பவே பிரிச்சு எழுதிருங்கய்யா.” தான செட்டில்மெண்ட் செலவு குறைவு என்பது அந்தப் பேச்சுக்குத் தெம்பு. விலைக்கு விற்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் தலா 1 சதவீதம், 2023 ஜூலை முதல் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். மலிவுதான். அதனால்தான் யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள்.

எழுதியதைத் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. ரத்து செய்யும் உரிமையை வெளிப்படையாக வைத்துக்கொள்ளாத செட்டில்மெண்டை எழுதிக்கொடுத்தவர் மட்டும் பத்திர ஆபீசுக்குப் போய் ரத்துப் பத்திரம் பதிய இயலாது என்று 2022ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது. மிஞ்சுவது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கலாம். மனுவை மேலூர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டுமா, பாசத்தால் எழுதினேன் என்பதே போதுமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை நிரூபணமாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர் பக்கம் நின்று தாராளமாகப் படிக்க வேண்டும், வீட்டைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. எந்தத் தீர்ப்பு உங்கள் வழக்குக்குப் பொருந்தும் என்று 78 வயதில் வாதாடுவதைவிட, எழுதும் நாளிலேயே ஒரு வரி சேர்ப்பது எளிது: ‘எனக்கும் என் மனைவிக்கும் ஆயுள் முழுவதும் உணவு, இருப்பிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றைச் செய்துதர வேண்டும், தவறினால் இந்த செட்டில்மெண்ட் ரத்தாகும், எங்கள் ஆயுள் வரை வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் எங்களுக்கே உரிமை.’ பத்திர எழுத்தர் “அதெல்லாம் எதுக்கு சார், சொந்தப் புள்ளதானே” என்பார். அவர் வீட்டுப் பத்திரம் இல்லை அது.

அதற்கும் முன்னால், செட்டில்மெண்ட் எதற்கு? உயில் எழுதுங்கள். முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவு கட்டாயம் இல்லை, பதிந்து வைத்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும், உங்களைவிட இளையவர்களாக இருந்தால் உத்தமம். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். மாற்ற முடியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருப்பது வீட்டில் ஒரு நல்ல ஒழுங்கைக் கொண்டுவரும்.

உயிலில் மனைவிக்கு ஆயுள்கால அனுபவம், அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதுவது நம் பக்கத்து வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அனுபவ உரிமை மட்டும் உள்ளவர் ஒரு ஆபரேஷனுக்காக வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது, பிள்ளைகளின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். மனைவிக்கு முழு உரிமையாகவே எழுதுங்கள். நாற்பது வருடம் குடும்பத்தை ஓட்டியவருக்கு ஒரு வீட்டை யாருக்கு விட்டுப்போவது என்று தெரியும்.

எங்கே இருப்பது

சென்னையில் மகன், பெங்களூரில் மகள், ஊரில் வீடு. விற்றுவிட்டு அவர்களோடு போய்விடலாமா? விற்காமல் போய் ஒரு வருடம் இருந்து பாருங்கள், ஊர் வீட்டைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டுவிட்டு. மாடிப் பால்கனியில் உட்கார்ந்து ஊர்ச் சந்தையை நினைத்துக்கொண்டிருப்பவர்களில் திரும்பி வர வீடு இல்லாதவர்கள் பாடுதான் கஷ்டம். மதுரைக்கு மாறுவது நடுவழி. ஆனால் மேலூர் ஆஸ்பத்திரி வசதி இல்லாத ஊரும் இல்லை. அரசு மருத்துவமனை ஊருக்குள் இருக்கிறது, மீனாட்சி மிஷன் மேலூர் ரோட்டிலேயே இருக்கிறது, நான்குவழிச் சாலையும் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஓய்வுக்கால வில்லாக்களைப் பார்க்கிறவர்கள் விலையை விட்டுவிட்டு மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் கேளுங்கள். அது வருடத்துக்கு எவ்வளவு ஏறும், நீங்கள் இல்லாதபோது வாரிசு அதை யாருக்கு விற்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவும் செய்ய ஒரு காகிதம் முதலில் சரியாக இருக்க வேண்டும். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறதா? இருந்தால் அந்த வீட்டில் உங்கள் அக்கா தங்கைகளுக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது, அப்போது திருமணமாகியிருந்த பெண்களுக்கு அது பொருந்தாமல் இருந்தது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது, 2020ல் உச்ச நீதிமன்றம் சந்தேகத்தையும் தீர்த்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அவர்களோடு உட்கார்ந்து பேசி, பங்கைப் பணமாகக் கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்குங்கள், இல்லை பிரித்தே கொடுங்கள். சம்பளம் வரும் காலத்தில் இந்தப் பேச்சு எளிது, கொடுக்கக் கையில் ஏதாவது இருக்கும். லீவு சரண்டர் செய்து வரும் பணத்தைக் கணக்குப் பார்க்காமல், மிச்சமிருக்கும் விடுப்பில் நாலு நாளைத் தாலுகா ஆபீசுக்கு ஒதுக்குங்கள்.